மல்லிகன் முறை ஒரே நாளில் குணமாக்கிவிடாது

"மல்லிகன்ல ஒரே சிட்டிங்ல டென்னிஸ் எல்போ போயிடும், சிரியாக்ஸ் மசாஜ் வேஸ்ட்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். டென்னிஸ் எல்போ என்பது முழங்கையின் வெளிப்பக்கத்தில் வரும் தசைநாண் வலி; மல்லிகனும் சிரியாக்ஸும் அதற்குப் பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் இரண்டு சிகிச்சை முறைகள். அவர் சொன்னது பாதிதான் சரி.

மல்லிகனில் பிசியோ மேல்கையை அசையாமல் நிறுத்தி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிப்பார். அப்படியே நாம் கையை இறுக்கி மூட வேண்டும். அந்த நொடியே பலருக்கு வலி குறைகிறது, பிடியும் கூடுகிறது. ஆனால் அது அந்த நேரத்து நிவாரணம்தான். மாதக்கணக்கில் நைந்த தசைநாண் ஒரே நாளில் சீராகாது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. அதில் பிசியோ, ஸ்டீராய்டு ஊசி, சும்மா காத்திருப்பது என்று மூன்று பிரிவுகள்; பிசியோ பிரிவில் மல்லிகனோடு உடற்பயிற்சியும் உண்டு (இதை யாரும் சொல்வதில்லை). ஆறு வாரத்தில் முந்தியது ஸ்டீராய்டு ஊசி. ஆனால் அப்படித் தேறியவர்களில் 72 சதவீதம் பேர் பிறகு பின்னடைந்தார்கள். ஓராண்டில் பிசியோ எடுத்தவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

சிரியாக்ஸ் வெறும் மசாஜும் அல்ல. குறுக்காக அழுத்தித் தேய்த்தபின், மணிக்கட்டை மடக்கி முழங்கையைச் சட்டென்று நீட்டும் மில்ஸ் முறையும் சேர்ந்ததே அது. அதற்கு ஆதாரம் குறைவு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்; வேஸ்ட் என்று நிரூபணமாகவில்லை.

எதை எடுத்தாலும், சின்ன டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.