சொந்த நடையில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன், பத்துக்கு மூன்று

பத்துக்கு மூன்று. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வரி: "வரையறை இல்லை. நோட்ஸில் உள்ளபடி எழுதவும்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதியதற்குக் கிடைத்த பதில் இது. மதியம் மூன்றரைக்குத் தாளைக் கொடுத்தார்கள், இப்போது இரவு பதினொன்று, இன்னும் ஆறவில்லை. தெரியாமல் எழுதி மூன்று வாங்கியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். பாடம் புரிந்து, சரிபார்த்து, மூன்று முறை திருத்தி எழுதிய தாள் இது.

வாரம் ஒரு சின்ன எழுத்துப் பயிற்சி, 250 சொல்லுக்குள், தாவர செயலியல் தாளுக்கு. செமஸ்டர் தொடங்கிய முதல் வகுப்பில் மேடம் சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "புக்கைப் பார்த்து எழுதாதீங்க. உங்களுக்கு என்ன புரிஞ்சுதோ அதை உங்க நடையில எழுதுங்க. வீட்டுல இருக்கறவங்க படிச்சாலும் புரியணும்." அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. முதல் வருடம் முழுக்க நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: வரையறை, சமன்பாடு, படம், பாகம் குறித்தல், முடிவுரை. புரிந்ததா இல்லையா என்று ஒரு ஆள் கேட்டதில்லை. இப்போதாவது ஒருவர் கேட்கிறாரே என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் இன்றைக்கு இப்படி எரிகிறது.

இந்த வாரத் தலைப்பு ஒளிச்சேர்க்கை. கூடவே ஒரு கேள்வி: ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? அருமையான கேள்வி, அதில் சந்தேகமே இல்லை. எங்கள் மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளியில் ஒரு முருங்கை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் சித்தி வீட்டிலிருந்து அம்மா ஒரு போத்து வெட்டி வந்து நட்டது. இப்போது என்னைவிட உயரம். போன மாதக் காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்தது, அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், நாலரை கிலோ. ஒரு கிளைக்கே நாலரை கிலோ! வாளியில் மண் இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. அதுவும் மழையில் கரைந்து அடி ஓட்டை வழியாகப் போனது. அப்படியென்றால் இந்த எடை எங்கிருந்து வந்தது?

அம்மாவைக் கேட்டேன். "நான் வேப்பம்புண்ணாக்கு போட்டேன்ல, அதான்" என்றார். பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டேன், மண் என்றார். என்னோடு படிக்கும் மூன்று பேரைக் கேட்டேன், தாவரவியல் இரண்டாம் வருடம் படிக்கிறவர்கள், அவர்களும் மண் என்றார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று பேரும் ஒப்பிப்பார்கள். ஆனால் மரம் காற்றிலிருந்துதான் உடம்பைக் கட்டுகிறது என்பது அந்தச் சமன்பாட்டுக்குள்ளேயே இருப்பது யாருக்கும் தெரியவில்லை. இதைத்தான் எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மாண்ட் செய்த சோதனையில் ஆரம்பித்தேன். 200 பவுண்டு உலர்ந்த மண், அதில் 5 பவுண்டு எடையில் வில்லோ என்ற மரத்தின் கன்று, மழைநீர் அல்லது வடித்த நீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. தூசிகூட விழாமல் துளையிட்ட தகரம் போட்டு மூடி வைத்தார். ஐந்து வருடம் கழித்து மரம் 169 பவுண்டு, மண் குறைந்தது ஏறக்குறைய இரண்டே அவுன்ஸ். மண் மரமாகவில்லை என்று அந்த மனிதர் கண்டுபிடித்தார், அவர் இறந்த பிறகு 1648-ல் அது அச்சிலும் வந்தது. ஆனால் எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று தவறாக முடிவு கட்டினார். "கேஸ்" என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர், கரி எரிந்தால் வருகிற வாயுவைப் பற்றி, அதாவது இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வதைப் பற்றி எழுதியவரும் அவர். தன் மரம் அதே வாயுவைத் தின்றுதான் வளர்ந்தது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து வருடம் காத்திருந்த ஒரு ஆள் விடைக்கு அவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பியிருக்கிறார்.

அதற்குப் பிறகு கணக்கு. ஒளிச்சேர்க்கையில் இலை செய்கிற சர்க்கரை குளுக்கோஸ், அதன் மூலக்கூறு நிறை 180. அதில் கார்பன் 72, ஆக்சிஜன் 96, இரண்டும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருபவை, கூட்டினால் 168. தண்ணீரிலிருந்து வந்த ஹைட்ரஜன் வெறும் 12. காற்றில் 0.04 சதவீதம்தான் இருக்கிற ஒரு வாயு, அதைப் பிடித்துப் பிடித்துச் சேர்த்துத்தான் இலையும் கிளையும் முருங்கைக்காயும். பச்சைக் கிளையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதையும் விடாமல் எழுதினேன். கடைசியில் அடுப்பு. எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் இன்னும் விறகில்தான். ஒரு கட்டு விறகு எரிந்தால் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். மண் கொடுத்தது ஏறக்குறைய அவ்வளவுதான், மற்றதெல்லாம் வந்த வழியே காற்றுக்குத் திரும்பிப் போய்விட்டது என்று எழுதி முடித்தேன். எண்ணிப் பார்த்தேன், 246 சொல்.

எழுதியதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். முழுதும் படித்துவிட்டு, "அப்போ நான் போட்ட புண்ணாக்கு எதுக்குடி?" என்று கேட்டார். அதற்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று பதில் சொல்லப் போய் அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியவேண்டும் என்றார்களே, புரிந்தது, புரிந்து மேலே ஒரு கேள்வியும் வந்தது. அந்தத் தாளுக்குத்தான் மூன்று.

சாம்பல் பத்திக்கு மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு சிவப்புக் கோடு, "தேவையற்றது". ஹெல்மாண்ட் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, "சிலபஸில் இல்லை". கணக்கு இருந்த இடத்தில் ஒரு டிக்கூட இல்லை, தப்பு என்ற குறியும் இல்லை. அந்த வரிகள் படிக்கப்படவே இல்லை. தப்பு என்று போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், படித்தார்கள் என்றாவது ஆகியிருக்கும்.

இதோடு விட்டிருப்பேன். பக்கத்தில் உட்காரும் தோழி தாளைக் காட்டினாள், அவளுக்கு ஒன்பது. அவளைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சீனியர் நோட்ஸ் ஜெராக்ஸ் வாங்கி அப்படியே எழுதியதை அவளே சொன்னாள். எங்கள் டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் அப்படித்தான், மார்க் அங்கேதான் இருக்கிறது என்றால் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் அந்த நோட்ஸில் நான்காவது வரி: "இவ்வினையில் கார்பன் டை ஆக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது." தப்பு. வெளியே வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது. 1941-ல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கன ஆக்சிஜன், அதாவது சாதாரண ஆக்சிஜனைவிட எடை கூடிய வகை, சேர்த்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டார்கள். கந்தக பாக்டீரியாவை வைத்து வான் நீல் என்ற இன்னொரு விஞ்ஞானி அதற்கும் முன்னாலேயே ஊகித்துச் சொல்லிவிட்டார். நாங்கள் பிளஸ் ஒன்னிலேயே படித்த விஷயம். அந்தத் தப்பான வரிக்குப் பக்கத்தில், சரியாக அந்த வரிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய சிவப்பு டிக்.

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்றேன்.

"மேடம், ஒரு டவுட்."

நிமிராமல் மார்க் ரிஜிஸ்டரை எழுதிக்கொண்டே, "சொல்லும்மா."

"என் தாள்ல எது தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன் மேடம்."

வாங்கிப் பார்த்தார். திருத்தும்போது பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன். "தப்புன்னு நான் சொல்லலையேம்மா. டெஃபினிஷன் எங்க? ஈக்வேஷன் எங்க? படம் எங்க?"

"சொந்த நடையில எழுதச் சொன்னீங்க மேடம்."

"சொந்த நடைன்னா, டெஃபினிஷனைச் சொந்த நடையில எழுதணும். யுனிவர்சிட்டி பேப்பர்ல இப்படிக் கதை எழுதினா திருத்துறவங்க ஒரு மார்க்கூடப் போட மாட்டாங்க. ஆன்சர் கீயில என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்."

"இது யுனிவர்சிட்டி பேப்பர் இல்லையே மேடம்."

பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு மேசை தள்ளி இருந்த சார் திரும்பிப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது, ஆனாலும் ஆக்சிஜன் விஷயத்தையும் சொன்னேன், யார் தாள் என்று சொல்லாமல். நோட்ஸில் இப்படி இருக்கிறது மேடம், அது சரியா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "ரெண்டும் ஒண்ணுதாம்மா. கடைசியில ஆக்சிஜன் வெளிய வருதுல்ல?"

ஒன்றில்லை! எப்படி ஒன்றாகும்? எதை உடைத்து எது வருகிறது என்பதுதானே அந்தப் பாடமே? அதைக் கண்டுபிடிக்க மனிதர்கள் எத்தனை வருடம் உழைத்தார்கள், ஆக்சிஜன் 18 என்ற ஒரு ஐசோடோப்பை வைத்து அணு அணுவாகத் தடம் பிடித்திருக்கிறார்கள், அதை "ரெண்டும் ஒண்ணுதான்" என்று தள்ளிவிட்டால் அப்புறம் இந்தப் படிப்பு எதற்கு? இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. "சரிங்க மேடம்" என்றுதான் வாயில் வந்தது. இன்டர்னல் மார்க் 25-ம் அவர் கையில்.

கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் உண்மையான காரணம். "72 தாள்ம்மா. ரெண்டு செக்ஷன். எல்லாத்தையும் வரி வரியா படிக்க முடியுமா?"

முடியாது. எனக்குத் தெரியும். வகுப்பு, ரெக்கார்டு நோட் கையெழுத்து, கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் கமிட்டிக்கான ஃபைல், அட்மிஷன் வேலை என்று அவர்களைப் பிழிந்து எடுக்கிறார்கள், கண்ணால் பார்க்கிறேன். அப்படியென்றால் வாரா வாரம் 72 பேரை எழுத வைக்காதீர்கள் மேடம். மாதம் ஒன்று போதும். அல்லது ஒரு வாரத்துக்குப் பத்துத் தாளை மட்டும் எடுத்துப் படியுங்கள், மார்க்கே வேண்டாம், "இந்த வரி புரியவில்லை" என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், அதை நான் பத்திரமாக வைத்திருப்பேன். இந்தக் குட்டிப் பயிற்சிகளே மாணவர் தலைக்குள் என்ன தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத்தானே? மரத்தின் எடை மண்ணிலிருந்து என்று மூன்று பேர் நம்புகிறார்கள். மூன்று பேருக்கும் எட்டுக்கு மேல் மார்க். அவர்கள் நாளைக்குப் பி.எட் முடித்துப் பள்ளிக்கூடத்தில் இதையே சொல்லிக் கொடுப்பார்கள், இதற்கு யார் பொறுப்பு?

வெளியே வந்து மார்க் பிரித்த சீட்டைப் பார்த்தேன். நீட்னஸ் இரண்டு. அதாவது கலர் பிரிண்ட் போட்ட முதல் பக்கம், அதில் கல்லூரிச் சின்னம், இரண்டு கலரில் மார்ஜின், பிளாஸ்டிக் ஃபைல், இதற்கெல்லாம் சேர்த்து இரண்டு. எனக்கு முழுசாக இரண்டும் கிடைத்திருக்கிறது. ஆக வாங்கிய மூன்றில் அட்டைக்கு இரண்டு, ஒளிச்சேர்க்கைக்கு ஒன்று. படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன், அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. தோழி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அடுத்த வாரத் தலைப்பு செல் சுவாசம். ஜெராக்ஸ் கடையில் சீனியர் நோட்ஸ் நாற்பது ரூபாய். வாங்கமாட்டேன். முருங்கை பகலில் சேர்த்த சர்க்கரையை ராத்திரி என்ன செய்கிறது என்று எழுதப்போகிறேன். மறுபடி மூன்று போடட்டும்.

இதில் அந்த டவுன் பஸ் வேறு. ஸ்டாஃப் ரூமில் நின்றதில் நாலரை வண்டி போய்விட்டது, அடுத்தது ஐந்தேகாலுக்கு. நிறுத்தத்தில் நாங்கள் பெண்கள் மட்டும் பதினொரு பேர். வண்டி காலியாக வந்தது, காலியாக, கண்ணால் பார்த்தேன், நான்கைந்து பேர்தான் உள்ளே. கை காட்டினோம், ஓடினோம், டிரைவர் எங்களைப் பார்த்துக்கொண்டே வண்டியை நடு ரோட்டுக்கு ஒடித்துப் போய்விட்டார். பெண்களுக்கு ஓசி டிக்கெட் என்றால் நிறுத்தக்கூடாதா? நிறுத்தம் என்று எழுதி போர்டு வைத்திருப்பது எதற்கு? ரெக்கார்டு நோட், ஃபைல், சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம், செருப்பு வார் வேறு அறுந்துபோனது, நாளைக்கு அதைத் தைக்க வேண்டும்.