காகிதம் கேட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை, முன்னோருக்குப் படையல் போடும் எங்கள் படைப்பு வீட்டில் நடந்ததும், அன்று ராத்திரியே பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டதும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெரிய வீட்டை விற்றுவிட்டு மலையில் மனை வாங்கலாம் என்பது பங்காளிகள் யோசனை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலைச்சரிவில் மனை என்கிறீர்களே, ஹாக்கா அனுமதி எங்கே? ரியல் எஸ்டேட் ஆணையம் கொடுக்கிற ரெரா எண் எங்கே? வாங்காதே என்று நான் சொல்லவே இல்லை. காகிதத்தைப் பார்த்துவிட்டு வாங்கு என்றேன்.

மலைக்குச் சட்டம் வேறு. காரைக்குடியில் வாங்குகிற மாதிரி பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட முடியாது. மலைக் கிராமங்களுக்கென்று 1990-லேயே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்துவிட்டது. ஹாக்கா என்பது அதுதான். அதன் பட்டியலில் இருக்கிற ஊரில் மனைப்பிரிவு போட, வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று படியேற வேண்டும். ரெரா எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும் என்பது சட்டம். குழுவில் வந்த விளம்பரத்தில் மூடுபனி இருந்தது, சில்வர் ஓக் மரம் இருந்தது, ஊஞ்சலில் ஒரு குழந்தை இருந்தது. எண் இல்லை.

இதைச் சொன்னதற்குச் சித்தப்பா மகன், அத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணே, உங்க நஷ்டத்தை எங்க தலையில ஏன் கட்டுறீங்க?" என்றான். என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

ஆமாம், நஷ்டப்பட்டேன். அப்பச்சி காலமான மறுவருஷம், 2011-ல், கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் பத்து சென்ட் வாங்கினேன். பஞ்சாயத்து அப்ரூவல் என்று முத்திரை குத்திய ஒரு தாளைக் கொடுத்தார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை போட்டபோதுதான் கையில் இருப்பது வெறும் தாள் என்று புரிந்தது. அதற்குள் இரண்டு ஐப்பசி மழையில் மண்பாதை போய்விட்டது. வீட்டுக்காரம்மா ஒரு நார்த்தங்கன்றைப் பையில் வைத்துக்கொண்டு, "நம்ம இடம் எதுங்க?" என்று கேட்டார். மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. மற்ற மூன்றையும் காணோம். கன்றை அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம்.

பட்டவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பொறாமையில் பேசுகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காற்று நல்லது, குளிர்ச்சி, பிள்ளைகளுக்கு நிம்மதி என்கிறார்கள். சரி, எனக்கும் பிடிக்கும். ஆனால் 2024 மே முதல் கொடைக்கானல் போவதற்கே நம் ஊர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் கொண்டை ஊசி வளைவு வழியாகத்தான் இறங்க வேண்டும். அதே வருஷம் ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்து இருநூறு பேருக்கு மேல் போனார்களே, அதற்குள் மறந்துவிட்டதா? எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் காகிதம்.

பெரிய வீட்டை வைத்துக்கொண்டு யார் செலவு பார்ப்பது என்று கேட்பதில் மட்டும் நியாயம் இருக்கிறது. பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்கு, ஓடு மாற்ற நாலு பேர்தான் பணம் தருகிறோம். அதை உட்கார்ந்து பேசலாம். ஆனால் வீட்டை விலைக்குக் கேட்டு வந்திருப்பவர் குடியிருக்க வரவில்லை, பிரிக்க வருகிறார். பர்மா தேக்குத் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைக்குப் போகும். நம் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரியவில்லை. வளவு முற்றத்தில் மழை கொட்டும்போது அப்பத்தா அண்டாவை வைத்துவிட்டு, நாலு தாழ்வாரத்துப் பிள்ளைகளையும் நனைய விட்டு, பிறகு ஒரே துண்டால் வரிசையாகத் தலை துவட்டுவார்கள். அந்த வரிசையில் எனக்கு அடுத்து நின்றவன்தான் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டான்.

குழுவில் நான் இல்லாவிட்டால் பரவாயில்லை. வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. கையெழுத்து வாங்க வருகிறவர்கள் ஹாக்கா அனுமதி எண், ரெரா எண் இரண்டையும் எழுதி எடுத்து வரட்டும். முகப்புத் திண்ணையில்தான் இருப்பேன்.