சூளை எங்கே சார்?
ரோபோ கிட் வாங்கினால்தான் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வரும் என்று கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போன வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனேன், அங்கே தரையில் பதிக்கிற டைல்ஸ் செய்ய, கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை போட்டு, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். "சூளை எங்கே சார்?" என்றாள் ஒருத்தி. சூளையே கிடையாது! சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும், வெறுமனே காய்ந்து அல்ல, பளபளப்பும் அந்தக் கண்ணாடி தருவதுதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இதெல்லாம் கைத்தொழில், அறிவியல் இல்லை என்கிறார். சரி, அப்படியானால் 1953-லிருந்து துரு, பேட்டரி என்று ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருக்கிறதே, இரண்டையும் ஒரே நாளில் காட்டலாமே, வேன் வாடகை மட்டும்தான் செலவு.