60 வருதாம், அப்புறம் என்னவாம்!

"மூலையில 60 காட்டுதே, அப்புறம் ஏன்டா புலம்புற?" பிசியில் கேம் திக்குகிறது என்று வாயைத் திறந்தாலே இதைத்தான் கேட்கிறார்கள். இன்னும் ஒருத்தர் கேட்டால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்.

அந்த 60, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) வருகிறது என்பதன் வெறும் சராசரி, ஐயா. ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் 15 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக ஒழுங்காய் வந்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்று மட்டும் 115 மில்லிசெகண்ட் அப்படியே நின்றாலும் கணக்கு 60 தான். ஆனால் கண்ணில் குத்துவது அந்த ஒன்றுதான். எதிரி சுவர் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கிற நேரமாய்ப் பார்த்துத்தான் அதுவும் வந்து தொலையும். கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிற பஸ் அரியாங்குப்பம் நெரிசலில் கிடக்கும்போது, "சராசரி வேகம் நல்லாத்தானே இருக்கு" என்று கண்டக்டர் சொன்னால் சும்மா விடுவோமா? தடுமாறாத 40, துள்ளித் துள்ளி வரும் 70ஐ விட எவ்வளவோ மேல்.

கேம் செய்கிறவர்களைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் ஷேடர்களை, அதாவது வெளிச்சமும் நிறமும் வரைகிற குட்டி நிரல்களை, அந்தக் கார்டுக்குப் புரியும்படி தனியாக கம்பைல் செய்தாக வேண்டும். கன்சோலில் ஹார்ட்வேர் ஒன்றுதான் என்பதால் முன்பே செய்து கொடுத்துவிடுகிறார்கள். பிசியில்? முதல் குண்டு வெடிக்கும்போதுதான் பல கேம்களுக்கு அந்த ஞாபகமே வருகிறது. படம் அப்படியே உறையும். ஆரம்பத் திரையிலேயே முடித்துத் தொலைத்தால் பத்து நிமிஷம் காத்திருக்க மாட்டோமா? கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய்தால் பெரும்பாலும் திரும்ப முதலிலிருந்து. இதற்கு மருந்தாக ஃப்ரேம் ஜெனரேஷன் என்கிறார்கள். நிஜமான 30க்கு நடுவில் செயற்கையாக 30ஐச் செருகி 60 என்று காட்டும். மவுஸை அசைத்தால் கைக்கு அதே 30 தான், சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் தாமதம்.

பிசி கட்டிக் கொடுத்த கடைக்காரர் இன்னொரு புண்ணியவான். 16 ஜிபி ராமை ஒரே குச்சியாகப் போட்டுவிட்டு, "இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கு தம்பி, பின்னாடி போட்டுக்கலாம்" என்று அதையும் சலுகை மாதிரி சொன்னார். இரண்டு 8 ஜிபியாகப் போட்டிருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஓடி, ராமின் பேண்ட்வித் (நொடிக்குக் கடத்தும் தரவின் அளவு) இரட்டிப்பாகியிருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், படம் வரையவும் அதே ராமை நம்பியிருக்கும் பிசிக்கு அதுதானே உயிர்!

லேப்டாப் வைத்திருக்கும் நண்பன் பாடு இதைவிட மோசம். மஞ்சக்குப்பத்தில் மொட்டை மாடிக்குக் கீழே அறை, கத்திரி வெயில், ஃபேன் ஊதுவதும் அனல். பிராசசர் 95 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஏசி அறையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஓட்டி விமர்சனம் போடும் மகான்களே, ஒரு மே மாத மத்தியானம் கடலூர் பக்கம் வாருங்கள்.

நேற்று அந்தக் கடைக்காரருக்கு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தைக் காட்டி முள்முள்ளாய் ஏறி இறங்கும் ஃப்ரேம் டைம் கோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது: "நொடிக்கு 144 படம் காட்டுற 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் புதுசா இறங்கியிருக்கு தம்பி, எடுத்து வைக்கட்டுமா?"