வெளியேறுகிறவருக்குக் கைதட்டும் ரசிகர்களுக்கு

சனிக்கிழமை நம் அணியின் கால்பந்து ஆட்டத்தில் நடந்ததை நான் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. பார்க்காதவர்களுக்கும் அந்தக் காணொளி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அணிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருவரை மாற்றி வெளியே அழைத்தபோது, சொந்த ரசிகர்களே எழுந்து நின்று ஏளனமாகக் கைதட்டினார்கள். தோல்வியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

புதிதாக வந்தவருக்குக் காலம் கொடுங்கள் என்றுதான் எழுதினேன். அதற்கே "கால்பந்து தெரியாதவர்" என்று பட்டம் சூட்டிவிட்டீர்கள். மகிழ்ச்சி. தெரிந்தவர்களுக்கு உருகுவே முன்கள வீரர் ஃபோர்லானை நினைவிருக்க வேண்டுமே? 2002 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு வந்தவருக்கு முதல் கோல் கிடைக்கச் செப்டம்பர் ஆயிற்று, அதுவும் பெனால்டியில். அத்தனை மாதமும் ஊரே சிரித்தது. யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டு அவரைக் கைவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லிவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் அடித்து வென்று கொடுத்தார். ரசிகர்கள் அவர் பெயரில் பாட்டே கட்டினார்கள். 2010 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. பிரெஞ்சு வீரர் ஹென்றியும் 1999இல் லண்டனின் ஆர்சனல் அணிக்கு வந்தபோது முதல் எட்டு ஆட்டங்களில் கோல் அடிக்கவில்லை. இத்தாலியின் யுவென்டஸ் அணியில் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தவரை, ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் நடுவில் நிறுத்தினார். அந்த இடம் பழகுவதற்குள் நம்மவர்களாக இருந்திருந்தால் விற்றே இருப்பார்கள். அந்த மனிதர் ஆர்சனலுக்காக அடித்தவை 228.

"எல்லோரும் ஹென்றி ஆவதில்லை, செல்சியில் ஷெவ்சென்கோ என்ன ஆனார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும் விலைக்கு செல்சி அணி வாங்கிய ஷெவ்சென்கோ அங்கே சோபிக்காமல் போனது ரசிகர்கள் பொறுமையாக இருந்ததாலா? இதற்கு மட்டும் கேட்டவரிடமிருந்து பதில் வரவில்லை. இத்தனை மில்லியன் கொடுத்து வாங்கியவரிடம் எதிர்பார்க்கக் கூடாதா என்பது அடுத்த வாதம். தாராளமாக எதிர்பாருங்கள். அந்த விலையைப் பேசி முடித்தவை இரண்டு கிளப்புகள். அதற்கான வசவு மட்டும் ஏன் ஆட்டக்காரருக்குப் போகிறது?

எனக்கு இதில் ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்றுகூட யாரும் சொல்லித் தராத நிலையில், "இவருக்கா இந்தச் சம்பளம்?" என்று மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். பலர் சிரித்தார்கள். அதன்பின் தெரிந்த வேலையைச் செய்யும்போதுகூட என் கை தயங்கியது. கோல்முனையில் பந்தை உதைக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுகிறாரே என்று நம் புதிய ஆட்டக்காரரைத் திட்டுகிறீர்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

இப்போது பயிற்சியாளரையும் அனுப்ப வேண்டுமாம். ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். அங்கே அவருடைய முதல் கோப்பை 1990இல்தான் வந்தது. மறுபக்கம் பயிற்சியாளர் ரானியேரி: 2016இல் லெஸ்டர் அணிக்கு இங்கிலாந்து லீக் பட்டமே வென்று கொடுத்தும், ஒன்பது மாதத்தில் வெளியேற்றப்பட்டார். நம் பயிற்சியாளர் பெரிய பெயர் இல்லாதவர், செய்தியாளர் சந்திப்பில் சுவையாகப் பேசத் தெரியாதவர். அதனால்தான் சென்ற பருவத்தில் இருந்த ஆட்களை வைத்தே அணியைக் கரைசேர்த்தது யார் நினைவிலும் இல்லை. சரி, அவருக்குப் பதில் யார் என்று கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னீர்கள். அவர்களில் பாதிப் பேரை, வேறு அணிகளில் தடுமாறியபோது நீங்களே கேலி செய்த பதிவுகள் இன்னும் உங்கள் பக்கங்களில்தான் இருக்கின்றன.