ஷீட்டில் இல்லாத கட்டம்

எங்கள் தையல் ஆலையில் வேலை நின்ற நேரத்தைக் காரணத்தோடு எழுத, சூப்பர்வைசர்கள் தினமும் நிரப்பும் லாஸ்ட் டைம் ஷீட்டில் ஏழு காரணங்கள் அச்சடித்திருக்கும். மெஷின் ரிப்பேர், கரண்ட் கட், பீஸ் வரவில்லை, ஆள் இல்லை என்று போகும். 'புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தோம்' என்று எட்டாவது கட்டம் கிடையாது. மொரிஷியஸ் வந்து ஆறு வருடம் கழித்துத்தான் இது என் கண்ணில் பட்டது.

போன மாதம் நம்ம திருப்பூர் மெக்கானிக் தம்பி, கழுத்துப் பட்டி தைக்கும் பிளாட்லாக் மெஷினுக்குத் தகரத்தை வளைத்து ஒரு ஃபோல்டர் செய்தான். துணி தானாக மடிந்து ஊசிக்குப் போகிறது. கையால் மடிக்கும் வேலை மிச்சம். "கை பழக ரெண்டு நாளு குடுங்கண்ணா" என்றான். முதல் நாள் மதியமே போர்டில் அந்த லைனின் எபிஷியன்சி 71 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. நாலு மணிக்கு மேலிருந்து போன். அஞ்சு மணிக்கு ஃபோல்டரைக் கழற்றியாகிவிட்டது.

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காவிட்டால் அந்த ஃபோல்டர் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் சைமன்ஸ் 1995இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிரித்துக் காட்டினார். இலக்கு தவறினால் மட்டும் எட்டிப் பார்க்கும் கட்டுப்பாடு ஒன்று. மேலாளர் தானே இறங்கி வந்து, அதே எண்களை வைத்துக் கீழே உள்ளவர்களோடு பேசும் கட்டுப்பாடு இன்னொன்று. புதிய யோசனைகள் மேலே வருவது இரண்டாவது வழியில்தான் என்பது அவர் வாதம். எங்கள் போர்டில் இருப்பதும் எண்தான். ஆனால் "ஏன் 54?" என்று யாரும் கேட்கவில்லை. "ஏன்யா 54!" என்றுதான் கேட்டார்கள்.

இந்த நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு மலிவான கூலியும், எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்ற ஏற்றுமதி கோட்டாவும் கைகொடுத்தன. 2005 தொடக்கத்தில் உலக ஜவுளிக் கோட்டா முறை முடிந்தது. இப்போது பக்கத்து மடகாஸ்கரிலேயே கூலி குறைவு. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எண்ணைப் பார்த்து நாம் பூரித்துக்கொள்ளலாம், விலையில் மடகாஸ்கரை ஜெயிக்க முடியாது. தையலில் புதிதாக எதையாவது கண்டுபிடித்தால்தான் உண்டு. அதற்கு அந்த இரண்டு நாள் யார் கணக்கில் போகும்?

மேனேஜரிடம் எட்டாவது கட்டம் கேட்டேன். "ஹெட் ஆபீஸ் ஃபார்மட், மாற்ற முடியாது" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

நேற்று மூன்றாவது லைன் சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஃபோல்டரைத் தன் லைனில் போட்டுப் பார்க்க ஆசையாம்.

"நேரத்தை மெஷின் ரிப்பேர்னு எழுதிக்கலாமா அண்ணே?"