கிழவர் பயாஸை நம்பியவர்களுக்கு

ஆங்கில எழுத்தாளர் ஜோ அபர்குரோம்பியின் 'ஃபர்ஸ்ட் லா' ஃபேன்டஸி முத்தொகுதியைப் படித்து முடித்தவர்களில் பலருக்கு மூன்றாவது புத்தகத்தின் மேல் கோபம். 2008இல் வந்த 'லாஸ்ட் ஆர்க்யுமென்ட் ஆஃப் கிங்ஸ்'. "இவ்வளவு தூரம் கூடவே வந்தோமே, கடைசியில் ஒருத்தருக்குக்கூட விடிவு இல்லையா?" என்று கேட்கிறார்கள். எனக்கோ அந்த முடிவுதான் மூன்று புத்தகங்களிலும் சிறந்த பகுதி. கதையை முழுசாக உடைத்துத்தான் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிக் கதைகளில் எல்லாம் தெரிந்த மந்திரவாதிக் கிழவர் ஒருவர் வருவார். அவர் கை காட்டும் திசையில் நாமும் நடப்போம். 2006இல் வந்த முதல் புத்தகத்தில் பயாஸ் அப்படித்தான் நுழைகிறார். அந்த உலகில் இரண்டு சட்டங்கள். 'மறுபக்கம்' என்ற பேயுலகத்தை நேரடியாகத் தொடக்கூடாது என்பது முதலாவது. மனித மாமிசம் தின்னக்கூடாது என்பது இரண்டாவது. தன் பகைவனான மந்திரவாதி கலூல் இரண்டாவதை மீறினான் என்று கொதிக்கும் பயாஸ், தலைநகர் அடுவாவின் முற்றுகையில் தானே மறுபக்கத்தின் சக்தி அடங்கிய 'விதை'யைப் பயன்படுத்தி முதல் சட்டத்தை மீறுகிறார். எதிரிகளோடு நகரத்தின் ஒரு பகுதியும் நாசமாகிறது. தப்பியவர்களுக்கு முடி கொட்டுகிறது, உடம்பு சீரழிகிறது. படிக்கும்போது ஹிரோஷிமாதான் கண்முன் வந்தது. படையில் தன் உழைப்பால் மேலே வந்த வெஸ்டும் அப்படியே செத்துக்கொண்டிருக்கிறான். பயாஸுக்கு இதில் துளி வருத்தம் கிடையாது.

ஆனால் எனக்கு அந்த அழிவைவிடப் பெரிய அடி, வாலிண்ட் அண்ட் பால்க் வங்கி. இரண்டாம் புத்தகத்தில் அரசின் சித்திரவதை அதிகாரி குளோக்டாவுக்குக் கடன் கொடுத்து, பிறகு கழுத்தை நெரிக்கும் அந்த வங்கியே பயாஸுடையது. மந்திரம் உலகத்தை விட்டுக் கசிந்துபோகிறது என்று தெரிந்த கிழவர், அதற்கு முன்பே பணத்துக்குள் குடியேறிவிட்டார். அதிகாரம் இப்படித்தான் இடம் மாறும். வேறு எந்த ஃபேன்டஸி நாவலும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

புத்தகத்தின் பெயர், பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி தன் பீரங்கிகளில் பொறிக்கவைத்த, 'மன்னர்களின் கடைசி வாதம்' என்று பொருள்படும் லத்தீன் வாசகத்திலிருந்து வந்தது. கதையிலோ பயாஸ் அரியணையில் ஏற்றிய மன்னன் ஜெசாலுக்குச் சொந்தமாக ஒரு சொல்கூட இல்லை. அவனுக்கு அரச ரத்தம் என்பதே பயாஸ் கட்டிய கதை. முற்றுகையின்போது அந்தத் தற்பெருமைக்காரப் பையன் நிஜமாகவே நல்லவனாகத் தொடங்குகிறான். மக்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறான். அதற்குப் பயாஸ் கொடுக்கும் தண்டனையைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

"இது வெறும் விரக்தி" என்பவர்களோடு நான் மோதுவது இங்கேதான். மனிதர்கள் மாறவே முடியாது என்று அபர்குரோம்பி சொல்லவில்லை. ஜெசால் மாறுகிறான். அந்த மாற்றம் யாருக்கு இடைஞ்சலோ அவர்கள் அதை நசுக்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு. வடக்கத்திப் போர்வீரன் லோகனின் கதைதான் உண்மையில் இருண்டது. யதார்த்தமாக இருக்கவேண்டும் என்று ஓயாமல் சொல்பவன், வெறி தலைக்கேறியதும் தன் தோழன் டுல் டுருவையே கொல்கிறான். மூன்று புத்தகங்களாக அவனை நேசித்த நமக்கு அங்கே தப்பிக்க வழியே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பழிவாங்கத் துடிக்கும் தெற்கத்திப் பெண் ஃபெர்ரோவுக்கு ஆசிரியர் பெரிய அநியாயம் செய்திருக்கிறார். விதையைச் சுமந்தவள் அவள். மறுபக்கத்துக் குரல்கள் இனி அவளை விடப்போவதில்லை. அப்படிப்பட்டவளைச் சில பக்கங்களில் தெற்கே அனுப்பிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. வடக்கில் நடக்கும் மலைக்கோட்டைச் சண்டையில் பாதியை வெட்டி அந்தப் பக்கங்களை அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

முடித்தவர்கள் அடுத்து 2011இல் வந்த 'த ஹீரோஸ்' எடுங்கள். லோகனை விரட்டிய பிளாக் டோ வடக்கை ஆள்கிறான். பயாஸ் அங்கேயும் வருகிறார், இந்த முறை பீரங்கிகளைப் பரிசோதிக்க.